டிக்கெட்ல இருக்கிற அந்த 57%: ரயில்வே சீர்திருத்தம் கணக்குல இருந்து ஆரம்பிக்கணும்



உங்க மெயில்ல கடைசியா புக் பண்ணின ரயில் டிக்கெட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. பி.என்.ஆர்., கோச், பெர்த் நம்பர் எல்லாம் தாண்டி வந்தா சின்ன எழுத்துல ஒரு வரி கண்ணுல படும். பயணத்துக்கு ஆகிற செலவுல சராசரியா 57% தான் ரயில்வே உங்ககிட்ட வாங்குதுங்கிறது அதோட அர்த்தம். பல வருஷமா டிக்கெட்ல அச்சாகிற வரி இது. நம்மள்ல நிறைய பேர் படிச்சதே இல்லை. படிச்சவங்களும் "சரி, அரசாங்கம் ஏதோ நமக்கு நல்லது பண்ணுது"ன்னு நகர்ந்திருப்போம்.

நான் ஒரு சி.ஏ. இப்படி ஒரு நம்பரைப் பார்த்தா, இதுக்கு வொர்க்கிங் எங்கேன்னு கேட்கத்தான் தோணும். ஒரு கம்பெனி "எங்க செலவுல 57% தான் கஸ்டமர்கிட்ட வாங்குறோம்"னு எழுதிக் கொடுத்தா, எந்த பிராடக்ட்ல, எந்த பிராஞ்ச்ல, எந்த முறையில கணக்கு போட்டீங்கன்னு கேட்காம ஆடிட்டர் கையெழுத்துப் போட முடியாது. ரயில்வே விஷயத்துல மட்டும் அந்தக் கேள்வியை நாம யாரும் கேட்கிறதில்லை.

ரயில்வே சீர்திருத்தம்னு சொன்னாலே புது ரயில், புது ஸ்டேஷன், தனியார்மயம், புல்லட் ட்ரெயின் இதைப் பத்தித்தான் பேச்சு. என்னோட கருத்து வேற. முதல் சீர்திருத்தம் கணக்குல வரணும். அது வராம கட்டணத்தை ஏத்துறதும் சலுகையைக் குறைக்கிறதும் நியாயமா தப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. மாசச் சம்பளம் வாங்கி, வருஷத்துக்கு நாலைஞ்சு தடவை ஊருக்குப் போய்வர்ற, டீமேட் அக்கவுண்ட்ல ஒரு ரயில்வே பங்காவது வெச்சிருக்கிற உங்களுக்கு இதுல நேரடியான பங்கு இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

100 ரூபாய் சம்பளத்துல 98 ரூபாய் செலவு

ரயில்வேயோட நிதி நிலையைச் சொல்ல ஒரு அளவுகோல் இருக்கு. ஆபரேட்டிங் ரேஷியோன்னு பேர். 100 ரூபாய் சம்பாதிக்க எத்தனை ரூபாய் செலவாகுதுங்கிறதுதான் அது. 2023-24-ல் இது 98.43. அதாவது 100 ரூபாய் வந்தா ஒண்ணரை ரூபாய்தான் மிச்சம். அந்த மிச்சத்தை வெச்சு புதுப் பாதையும் போட முடியாது, புதுப் பெட்டியும் வாங்க முடியாது. அதனாலதான் 2025-26 பட்ஜெட்ல ரயில்வேயோட மூலதனச் செலவுக்கு மத்திய அரசு 2.52 லட்சம் கோடி ரூபாய் கொடுத்துச்சு. அது உங்க டி.டி.எஸ்.லயும், நாம கட்டுற ஜி.எஸ்.டி.லயும் இருந்து போற பணம்.

98.43 ஒரு டைட்டான நிலைமை. ஆனாலும் பிளஸ்தான்னு தோணும். அந்த நம்பர் எப்படி வருதுங்கிறதுதான் பிரச்சனை.

2017-18 கணக்கைப் பத்தி சி.ஏ.ஜி. கொடுத்த அறிக்கையைச் சொல்றேன். அந்த வருஷம் ரயில்வே காட்டின ரேஷியோ 98.44. உபரி 1,665.61 கோடி ரூபாய். சி.ஏ.ஜி. உள்ளே போய்ப் பார்த்தா, என்.டி.பி.சி., இர்கான்னு ரெண்டு பொதுத்துறை நிறுவனங்கள்கிட்ட இருந்து வாங்கின அட்வான்ஸும் அந்த வருமானத்துல சேர்ந்திருக்கு. அந்த அட்வான்ஸை எடுத்துட்டா உபரி போய் 5,676.29 கோடி ரூபாய் பற்றாக்குறை. ரேஷியோ 102.66.

நம்ம பாஷைல சொல்லணும்னா, அடுத்த வருஷ போனஸை இந்த மார்ச் 31-க்கு முன்னாடியே அட்வான்ஸா வாங்கி பேங்க்ல போட்டுட்டு, "பாருங்க, இந்த வருஷம் நான் சேமிச்சிருக்கேன்"னு சொல்ற மாதிரி.

2019-20-ல இன்னொண்ணு. காட்டின ரேஷியோ 98.36. ஓய்வூதியத்துக்கு உண்மையில் ஆன செலவைக் கணக்குல எடுத்திருந்தா 114.35 ஆகியிருக்கும்னு சி.ஏ.ஜி. சொன்னது. ஓய்வூதிய நிதிக்குக் குறைச்சு ஒதுக்கினதால செலவு குறைவா தெரிஞ்சிருக்கு. வீட்டு வாடகையைக் கடன் வாங்கிக் கட்டிட்டு, "என் மாசச் செலவுல வாடகையே இல்லை"னு சொன்னா நம்புவீங்களா?

இதை ஊழல்னு நான் சொல்ல வரலை. இது பெரும்பாலும் ரொக்க அடிப்படையில எழுதப்படுற அரசுக் கணக்கு. பணம் எப்ப கைக்கு வந்துச்சு, எப்ப போச்சுங்கிறதைத்தான் அது பார்க்கும். எந்த வருஷத்துக்கு உரிய வருமானம், எந்த வருஷத்துக்கு உரிய செலவுன்னு அது பார்க்காது. தண்டவாளமும் பெட்டியும் தேயுதே, அந்தத் தேய்மானத்துக்குக் கூட ரயில்வேயில அந்தந்த வருஷம் எவ்வளவு முடியுதோ அவ்வளவுதான் ஒதுக்கீடு. பைக் வாங்கினவங்களுக்குத் தெரியும். டயர் மாத்த மாசாமாசம் எடுத்து வைக்கலைன்னா டயர் தேயாமலா இருக்கும்?

மானியம் யாருக்குப் போகுது?

அடுத்து அந்த 57% விஷயம். ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்துல சொன்ன கணக்குப்படி, 2022-23-ல் பயணிகளுக்குக் கொடுத்த மானியம் 56,993 கோடி ரூபாய். 100 ரூபாய் செலவாகிற பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குறோம், ஒவ்வொரு பயணிக்கும் சராசரியா 46% சலுகைன்னு விளக்கம். டிக்கெட்ல 57, நாடாளுமன்றத்துல 54. வேற வேற வருஷக் கணக்குன்னு எடுத்துக்கலாம். என் கேள்வி, அந்த "100 ரூபாய் செலவு" எப்படி வந்துச்சுங்கிறது.

ஒரு உதாரணம். பெருங்குடில மூணு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்திருக்காங்க. வாடகை 30,000. ஏசி ரூம்ல இருக்கிறவர் 14,000 தர்றார், சாதா ரூம்ல இருக்கிறவர் 10,000, ஹால்ல படுக்கிறவர் 6,000. இப்ப மானியம் யாருக்குப் போகுது? வாடகையை ஆளுக்குச் சமமா பிரிச்சா தலைக்கு 10,000. அப்ப ஹால்ல இருக்கிறவர் 4,000 ரூபாய் மானியத்துல வாழுறார். அதையே பயன்படுத்துற இடத்தை வெச்சு, ஏசி ரூமுக்கு 16,000, சாதா ரூமுக்கு 9,000, ஹாலுக்கு 5,000ன்னு பிரிச்சா? ஹால்ல படுக்கிறவர்தான் 1,000 ரூபாய் கூடுதலா கொடுக்கிறார். ஏசி ரூம்காரருக்கு 2,000 ரூபாய் மானியம். வீடு, வாடகை, ஆளுங்க கொடுக்கிற பணம் எதுவுமே மாறலை. பிரிச்ச முறை மட்டும்தான் மாறிச்சு.

ரயில்வேலயும் இதே கதைதான். ஒரே தண்டவாளத்துல நிலக்கரி வண்டியும் போகுது, பயணிகள் வண்டியும் போகுது. ஒரே ரயில்ல ஏசி பெட்டி, ஸ்லீப்பர், முன்பதிவில்லாத பெட்டி எல்லாம் இருக்கு. பாதைப் பராமரிப்பு, சிக்னல், ஸ்டேஷன், கிட்டத்தட்ட 12 லட்சம் ஊழியர்களோட சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் பொதுச் செலவு. இதுல திண்டுக்கல்ல ஸ்லீப்பர்ல ஏறுற ஒருத்தர் தலையில எவ்வளவு, சரக்கு ரயில் தலையில எவ்வளவுங்கிறதை ஒரு ஃபார்முலாதான் முடிவு பண்ணுது.

பயணிகள் சேவை நஷ்டத்துல ஓடுதுங்கிறதை நான் மறுக்கலை. சி.ஏ.ஜி.யும் அதைத்தான் வருஷா வருஷம் சொல்றாங்க. பயணிகள் வகுப்புகள்ல தேர்ட் ஏசி மட்டும் பல வருஷம் லாபம் காட்டினதையும் அதே அறிக்கைகள்ல பார்க்கலாம். சரக்குல வர்ற லாபத்தை எடுத்துத்தான் பயணிகள் நஷ்டத்தை அடைக்கிறாங்க. அதாவது உங்க ஊருக்கு வர்ற சிமென்ட், உரம், மின்சாரத்துக்கான நிலக்கரி எல்லாத்தோட விலையிலயும் உங்க டிக்கெட்டோட மீதிப் பணம் ஒளிஞ்சிருக்கு. அந்த மானியம் பங்குச் சந்தையில பட்டியலிட்ட ஒரு கம்பெனில நடந்திருந்தா, எந்தப் பிரிவுல லாபம், எந்தப் பிரிவுல நஷ்டம்னு தனித்தனியா காட்டியே ஆகணும். இந்திய கணக்கியல் தரம் 108 அதைத்தான் கேட்குது. நாட்டிலேயே மிகப் பெரிய போக்குவரத்து அமைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எங்க அப்பா கேட்ட கேள்வி

அப்பாவுக்கு இப்ப 70, அம்மாவுக்கு 65. திண்டுக்கல் பக்கம் ஊர். பேரனைப் பார்க்க வருஷத்துக்கு நாலு தடவை சென்னை வருவாங்க. ஸ்லீப்பர்தான். ஏசில வாங்கன்னா அம்மாவுக்குக் குளிரும்.

2020 மார்ச் 20 வரைக்கும் 60 வயது தாண்டின ஆண்களுக்கு 40%, 58 வயது தாண்டின பெண்களுக்கு 50% கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா நேரத்துல நிறுத்தினது, அப்புறம் திரும்ப வரலை. இதை நம்பர்ல பார்க்கலாம். அடிப்படைக் கட்டணம் தலைக்கு 100 ரூபாய்னு வெச்சுக்கோங்க. முன்னாடி அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 50, மொத்தம் 110. இப்ப 200. ஒரே நாள்ல கிட்டத்தட்ட 82% ஏற்றம்.

மத்தவங்களுக்கு? 2020 ஜனவரிக்கு அப்புறம் அடிப்படைக் கட்டணம் ஏறினது 2025 ஜூலைல. மெயில், எக்ஸ்பிரஸ்ல ஏசி இல்லாத வகுப்புக்கு கிலோமீட்டருக்கு 1 பைசா, ஏசிக்கு 2 பைசா. மறுபடி 2025 டிசம்பர் 26-ல இருந்து ரெண்டுக்கும் 2 பைசா. 500 கிலோமீட்டர் பயணத்துக்கு ரெண்டு தடவையும் சேர்த்து ஸ்லீப்பர்ல 15 ரூபாய், ஏசில 20 ரூபாய். அதாவது ஐ.டி. வேலைல இருந்துகிட்டு தேர்ட் ஏசில போற எனக்கு 20 ரூபாய் ஏத்தினாங்க. பென்ஷன்ல வாழுற அப்பாவுக்கு 82%.

இதுல எந்தக் கணக்கு நியாயம்? எனக்கு உண்மையிலேயே தெரியணும். ஆர்.டி.ஐ. மூலமா வெளிவந்த தகவல்படி, சலுகையை நிறுத்தின நாள்ல இருந்து 2024 ஜனவரி வரைக்கும் மூத்த குடிமக்கள்கிட்ட இருந்து கூடுதலா வந்தது சுமார் 5,800 கோடி ரூபாய். கிட்டத்தட்ட நாலு வருஷக் கணக்கு. ஒரே வருஷ மானியமான 56,993 கோடியோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு.

அப்பா இதைப் பத்திக் கோபப்பட்டதில்லை. முன்னாடி ஆன்லைன்ல புக் பண்ணும்போது, சலுகை வேண்டாம்னு விட்டுக்கொடுக்கிற வசதியும் இருந்தது. பாதியை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். ஒரு தடவை அவருக்கு நான் டிக்கெட் போடும்போது அதைப் படிச்சுக் காட்டினேன். "பாதி விட்டுரு தம்பி, ரயிலும் ஓடணும்ல"ன்னார். சலுகையை முழுசா நிறுத்தினப்புறம்தான் ஒரு நாள் கேட்டார். "நாங்க விட்டுக்கொடுத்த காசுல என்னடா பண்ணாங்க?"

எனக்குப் பதில் தெரியலை. நான் சி.ஏ. படிச்சும் என்ன பிரயோஜனம்? எந்தப் பொது ஆவணத்தைத் திறந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில் கிடைக்காது. வாங்குற பணம் எங்க போகுதுன்னு காட்டினா ஜனங்க கொடுக்கத் தயாராத்தான் இருக்காங்க. எங்க வீட்டுலயே அதுக்கு ஒரு ஆள் இருந்தார்.

திட்டம் போடாம இல்லை

ஒண்ணுமே பண்ணலைன்னு சொன்னா அது பொய். நல்ல திட்டங்கள் வந்தது. எங்க நின்னுச்சுன்னு பாருங்க.

2015-ல பிபேக் தேப்ராய் கமிட்டி அறிக்கை கொடுத்தது. வணிக முறைக் கணக்கு, சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம், பிறகு தனியாரும் ரயில் ஓட்ட வாய்ப்புன்னு வரிசையா சொன்னாங்க. 2016 பிப்ரவரி ரயில்வே பட்ஜெட்ல அப்போதைய அமைச்சர் சுரேஷ் பிரபு கணக்கு முறையை மாத்துறதையே ஒரு மிஷனா அறிவிச்சார். எங்க சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டோட ஆராய்ச்சி அமைப்பு கூட அஜ்மீர் கோட்டத்துல சோதனை முயற்சியா வேலை பண்ணிக் கொடுத்தது. எங்க ஆளுங்களுக்கு அதுல பெருமை உண்டு. ஆனா அந்த முறையில தயாரான கணக்கை அடிப்படையா வெச்சு இன்னைக்கும் கட்டணம் முடிவாகலை.

2017 ஏப்ரல்ல ரயில் மேம்பாட்டு ஆணையம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கட்டணம் எவ்வளவு இருக்கணும்னு பரிந்துரைக்கிறது அதோட முக்கிய வேலை. அது செயல்பாட்டுக்கே வரலை. மின்சாரக் கட்டணத்தை யோசிச்சுப் பாருங்க. பிடிக்குதோ இல்லையோ, ஒழுங்குமுறை ஆணையத்துல மனு போடுறாங்க, பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்கிறாங்க, உத்தரவு வருது. ரயில் கட்டணத்துக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. ஒரு நாள் நியூஸ்ல வரும், மறுநாள் அமலுக்கு வரும்.

2020 ஜூலைல தனியார் ரயில் திட்டம். 109 வழித்தடங்கள், 151 ரயில்கள், 30,000 கோடி ரூபாய் முதலீடு எதிர்பார்ப்பு. 2021-ல ஏலத்தைத் திறந்து பார்த்தா ரெண்டே ரெண்டு பேர்தான் வந்திருந்தாங்க. அதுலயும் ஒண்ணு ரயில்வேயோட சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. திட்டம் ரத்து. ஏன் யாரும் வரலை? நான் முதலீட்டாளரா இருந்தா இப்படித்தான் யோசிப்பேன்: தண்டவாளம் ரயில்வேயோடது, சிக்னல் அவங்களோடது, எனக்கு வாடகை நிர்ணயிக்கிறது அவங்க, எனக்குப் போட்டியா மானிய விலையில ரயில் ஓட்டுறதும் அவங்க. தகராறு வந்தா நான் யார்கிட்ட போறது? அம்பயரே எதிர் டீம்ல பேட்டிங் பண்ற மேட்ச் இது.

2025-ல ரயில்வே சட்டத் திருத்தம் வந்தது. 1905-ம் வருஷ ரயில்வே வாரியச் சட்டத்தை 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்தோட இணைச்சாங்க. கட்டணத்துக்கு ஒரு சுதந்திர ஆணையம் கொண்டுவர அது நல்ல வாய்ப்பு. அதையும் விட்டுட்டோம்.

எதிர்வாதம் இருக்கு

"ரயில் ஒரு பொதுச் சேவை, அதுல லாப நஷ்டம் பார்க்கலாமா?" இதை நான் முழுசா ஏத்துக்கிறேன். முன்பதிவில்லாத பெட்டில வேலை தேடிப் போறவங்ககிட்ட முழுச் செலவையும் வாங்கக் கூடாது. அந்த மானியம் தொடரணும். ஆனா மானியம்னு சொன்னா பட்ஜெட்ல அது ஒரு தனி வரியா இருக்கணும். முன்பதிவில்லாத பெட்டிக்கு இவ்வளவு, புறநகர் ரயிலுக்கு இவ்வளவு, மூத்த குடிமக்களுக்கு இவ்வளவுன்னு எழுதி, நாடாளுமன்றத்துல ஓட்டுப் போட்டு, ரயில்வேக்குப் பணமா கொடுக்கணும். அப்பதான் யாருக்குக் கொடுக்கிறோம்னு தெரியும். 46% சராசரின்னு சொல்லும்போது, ஹால்ல படுக்கிறவரும் ஏசி ரூம்காரரும் ஒரே நம்பருக்குள்ள போயிடுறாங்க.

"கணக்கு மாத்துறதுக்கு வருஷக்கணக்கா ஆகும், முதல்ல ரயில் விடுங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. ரயிலும் விடட்டும். நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல உருவாகி 2019 பிப்ரவரில ஓட ஆரம்பிச்ச வந்தே பாரத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். கோயம்புத்தூர் போக நானே அதைத்தான் புக் பண்றேன். ஆனா ஒவ்வொரு வந்தே பாரத்தும் அதோட முழுச் செலவையும் சம்பாதிக்குதா, இல்லை அதுக்கும் மானியம் போகுதான்னு தெரிஞ்சாத்தானே, அடுத்த பெட்டியை ஏசியா செய்யறதா, ஸ்லீப்பரா செய்யறதான்னு முடிவு பண்ண முடியும்?

"தனியார்கிட்ட கொடுத்தா எல்லாம் சரியாயிடும்"னு ஒரு குரூப். பிரிட்டன் 1993-ல சட்டம் போட்டுத் தனியார்கிட்ட கொடுத்தது. 2024-ல இன்னொரு சட்டம் போட்டு, பயணிகள் சேவையை ஒவ்வொண்ணா திரும்ப அரசே எடுத்துக்கிட்டு இருக்கு. 2025 மே மாசம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேல ஆரம்பிச்சாங்க. அதனால முதலாளி யார்ங்கிறதை மட்டும் மாத்தினா பிரச்சனை தீராது.

உங்க போர்ட்ஃபோலியோவுக்கு வருவோம்

எங்க சித்தப்பா பையன் 2024-ல ஒரு ரயில்வே பங்கை நல்ல உச்சத்துல வாங்கினான். முதல் அப்ரைசல் போனஸ் மொத்தமும் அதுலதான். "அண்ணா, கவர்ன்மென்ட் ரயில்வேல லட்சம் கோடி கொட்டுது, இது ஏறாம எது ஏறும்?"னான். அவன் வாங்கின கம்பெனி அந்த லட்சம் கோடில எவ்வளவு பில் போடும்னு கேட்டேன். அமைதியாயிட்டான்.

ரயில்வேன்னு பேர் இருந்தாலே ரயில்வேல பங்கு வாங்கினதா அர்த்தம் இல்லை. ஐ.ஆர்.எஃப்.சி. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. சந்தையில கடன் வாங்கி, பெட்டியும் என்ஜினும் வாங்கி, ரயில்வேக்கு லீஸுக்கு விட்டு, ஒரு சின்ன மார்ஜின் எடுக்கும். பட்ஜெட்ல இருந்தே ரயில்வேக்கு நேரடியா பணம் வர ஆரம்பிச்சதும், 2023-24-ல இருந்து ஐ.ஆர்.எஃப்.சி.கிட்ட ரயில்வே புதுசா கடன் வாங்குறது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. ஆனா 26 ரூபாய்க்கு ஐ.பி.ஓ. வந்த அந்தப் பங்கு 2024 ஜூலைல 200-ஐத் தாண்டிச்சு. அரசு செலவு பண்ற செய்தியை வெச்சு ஜனங்க வாங்கினாங்க. அந்தச் செலவு வேற பாக்கெட்ல இருந்து போனதை நிறைய பேர் பார்க்கலை.

இன்னொரு தேதி ஞாபகம் வெச்சுக்கோங்க: 2021 அக்டோபர் 28. டிக்கெட் புக் பண்ணும்போது நாம கட்டுற கன்வீனியன்ஸ் ஃபீஸ்ல பாதியை ரயில்வேக்குக் கொடுக்கணும்னு ஐ.ஆர்.சி.டி.சி.க்கு அமைச்சகத்துல இருந்து தகவல் வந்தது. மறுநாள் காலைல பங்கு 25 சதவீதத்துக்கும் மேல விழுந்தது. அன்னைக்கே அந்த முடிவை வாபஸ் வாங்கினதும் திரும்ப ஏறிச்சு. ஒரே கடிதம் அத்தனை கோடி மதிப்பை ஆட்டிச்சு. கட்டணத்தை முடிவு பண்ண வெளிப்படையான ஒரு ஆணையம் இல்லாததோட விலை இது. டிக்கெட் வாங்குற அப்பாவும் பங்கு வாங்குற தம்பியும் ஒரே காரணத்தாலதான் மாட்டுறாங்க.

எதையும் வாங்குங்க, வித்துடுங்கன்னு நான் சொல்லலை. ரயில்வே பங்கு வெச்சிருந்தா மூணு கேள்வி கேளுங்க. இந்தக் கம்பெனிக்கு வருமானம் யார்கிட்ட இருந்து வருது? அந்த விலையை யார் முடிவு பண்றாங்க? அவங்க நாளைக்கு மனசு மாறினா என்ன ஆகும்? மூணுக்கும் பதில் "ரயில்வே அமைச்சகம்"னா, உங்க முதலீட்டுல அந்தப் பங்கு எவ்வளவு இருக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. என் தனிப்பட்ட அளவு 5 சதவீதத்துக்குள்ள.

கையில இருக்கிறதைப் பண்ணுங்க

கட்டணம் இனியும் ஏறும். 2023-24-ல் 98.43ல ஓடின அமைப்புக்கு வேற வழி இல்லை. அதனால ரெண்டு விஷயம்.

ஊருக்குப் போற செலவை அந்தந்த மாசச் சம்பளத்துல தேடாதீங்க. வருஷத்துக்கு எத்தனை பயணம், எத்தனை டிக்கெட்னு கணக்கு போட்டு, பன்னிரண்டால வகுத்து தனி ஆர்.டி.ல போடுங்க. முன்பதிவு 2024 நவம்பர்ல இருந்து 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. அந்தத் தேதியை போன்ல அலாரமா வெச்சுக்கோங்க. தீபாவளிக்கு அதைத் தவற விட்டா ஆம்னி பஸ்ல எத்தனை மடங்கு போகும்னு உங்களுக்கே தெரியும்.

உங்க சம்பளத்துல எல்.டி.ஏ. இருக்கான்னு பாருங்க. பழைய வரிமுறையில இருக்கிறவங்களுக்கு நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு வரிவிலக்கு உண்டு. 2026-ல புது பிளாக் ஆரம்பிச்சிருக்கு. டிக்கெட்டை டெலீட் பண்ணாதீங்க. புது வரிமுறையில அந்த விலக்கு கிடையாது.

பெரிய விஷயத்துக்குத் திரும்ப வர்றேன். தேர்ட் ஏசிக்கு 20 ரூபாய் இல்லை, 200 ரூபாய் ஏத்தினாலும் நான் கொடுப்பேன். என்னால முடியும், உங்கள்ல பாதிப் பேருக்கும் முடியும். ஆனா அந்தப் பணத்துல எவ்வளவு தண்டவாளத்துக்குப் போச்சு, எவ்வளவு பாதுகாப்புக்குப் போச்சு, எவ்வளவு முன்பதிவில்லாத பெட்டில நிக்கிறவருக்குப் போச்சுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு பக்கத்துல காட்டணும். உங்க தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது புது ரயில் கேளுங்க, தப்பில்லை. கூடவே, 2017-ல ஒப்புதல் கொடுத்த அந்த ஆணையம் எங்க சார்னும் கேளுங்க.

அப்பா அடுத்த மாசம் வர்றார். அதே ஸ்லீப்பர்ல ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன். டிக்கெட்டைப் பார்த்து அவர் திரும்பக் கேட்டா, இந்தத் தடவையும் என்கிட்ட பதில் இல்லை.

உங்க வீட்டுல என்ன நிலைமைன்னு சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.